ஏற்காட்டில் பழைய வீடு: முதலில் மண், பிறகுதான் மச்சு

சேலம் ஜில்லாவிலிருந்து மலாயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், பிற்பாடு சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் வேலைக்குப் போனவர்கள் என்று இரு சாராரும் இன்று ஏற்காட்டில் பழைய பங்களா தேடுகிறார்கள். தரகர் அனுப்பும் படங்களில் மங்களூர் ஓடு, வராந்தா, கருங்கல் சுவர், பின்னால் சில்வர் ஓக் மரங்கள் எல்லாம் தெரியும். படத்தைப் பார்த்ததும் "கூரை மாற்ற எவ்வளவு ஆகும்?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அந்த வீடு நிற்கும் சர்வே எண்ணுக்கு வருவாய்த்துறைக் கணக்கில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். சேர்வராயன் மலையில் வெளிநாட்டுத் தமிழர்கள் பணத்தைத் தொலைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காரணம் எளிது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2019-இல் வந்த விதிகள்படி, வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகனும், ஓ.சி.ஐ. கார்டு (இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்பவரும் இந்தியாவில் குடியிருப்பு வீடோ வணிகக் கட்டடமோ தாராளமாக வாங்கலாம். எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம்; ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டியதில்லை. ஆனால் விவசாய நிலம், தோட்டச் சொத்து, பண்ணை வீடு ஆகிய மூன்றையும் அவர்கள் கிரையம் பெற முடியாது. தானமாகக்கூட வாங்க முடியாது. வாரிசு முறையில் வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அப்படி வந்ததையும் பிற்பாடு விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும்.

ஓ.சி.ஐ. கார்டு இல்லாத, மலேசியக் குடியுரிமை உள்ள தமிழருக்கு வெளிநாட்டில் இருந்துகொண்டு வாங்கும் வழி கிடையாது. ஐந்து வருஷத்துக்கு மேற்படாத குத்தகைக்கு எடுக்கலாம், அவ்வளவுதான். இலங்கைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு, கார்டு இல்லாத பட்சத்தில், ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி தேவை. ஆகவே வீடு தேடுவதற்கு முன் கார்டுக்கு வழி பாருங்கள். பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி வரை இந்தியத் தொடர்பைக் காட்டலாம். காட்டுவதற்குத் தாள் வேண்டும்: பழைய பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, தலைமுறைக்குத் தலைமுறை பெயர் பொருந்திவரும் சங்கிலி. ஓர் எழுத்து மாறினாலும் அலைய வேண்டியிருக்கும்.

விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது என்ற இந்தத் தடை சேலம் டவுனில் அவ்வளவாக உறைக்காது. ஏற்காட்டில் உறைப்பதற்கு வரலாறு ஒரு காரணம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்டார். அதன்பின் எழுந்த பங்களாக்கள் தனி வீடுகளாகக் கட்டப்பட்டவை அல்ல. தோட்டத்தின் நடுவில், தோட்டத்தைக் கவனிப்பதற்காகக் கட்டப்பட்டவை. வீடும் காப்பிக் களமும் குடோனும், தொழிலாளர்கள் தங்கும் லைன் வீடுகளும் ஒரே பட்டாவில், பல நேரம் ஒரே சர்வே எண்ணில் கிடக்கும். இன்றைக்கு அதே பங்களாவை "இரண்டு ஏக்கருடன்" விற்கும்போது, நிலம் கணக்கில் புஞ்சை என்றும், கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் காப்பி, மிளகு என்றும்தான் இருக்கும். செலாவணிச் சட்டம் "தோட்டம்", "பண்ணை வீடு" என்ற சொற்களுக்கு விளக்கம் தருவதில்லை. வருவாய்க் கணக்கு என்ன சொல்கிறதோ அதுதான் சாட்சி.

இதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. ஒருவர் எவ்வளவு நிலம் வைத்திருக்கலாம் என்று வரம்பு கட்டும் 1961-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உச்சவரம்புச் சட்டம் காப்பி, தேயிலை, ரப்பர், ஏலம், சிங்கோனா தோட்டங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. அந்த விலக்கு தோட்டமாக இருக்கும் வரைக்கும்தான். தோட்டத்தைத் துண்டு போட்டு "வில்லா மனை" என்று விற்றால், அந்தத் துண்டை வாங்கியவர் தலையிலும் உச்சவரம்பு வழக்கின் நிழல் விழலாம். விற்பவர் எத்தனை ஏக்கர் தோட்டத்திலிருந்து இதை வெட்டி எடுத்தார், தோட்டத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற அரசு அனுமதி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வாய்மொழியாக மட்டும் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

விட மனசு வராதவர்களுக்கு ஊரில் இரண்டு யோசனை சொல்வார்கள். முதலாவது, "பங்களாவை மட்டும் உங்க பேர்ல போட்டுக்கலாம், காப்பிக்காட்டை உங்க சித்தப்பா மகன் பேர்ல எழுதிக்கலாம்." பணம் உங்களுடையது, பெயர் அவருடையது என்றால் அதற்குச் சட்டத்தில் பினாமி என்று பெயர். ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை, சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம், சொத்தும் பறிபோகும். சித்தப்பா மகன் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குப் பின் அவர் வாரிசுகளிடம் போய் "அது என் சொத்து" என்று சொல்லும்போது உங்கள் கையில் ஒரு தாளும் இருக்காது. இரண்டாவது யோசனை, "சும்மா வாங்கிடுங்க, யார் பாக்கப் போறாங்க" என்பது. பார்ப்பவர்கள் பிற்பாடு வருவார்கள். நீங்கள் விற்றுப் பணத்தை வெளியே கொண்டுபோக வங்கிக்குப் போகும் நாளில் கிரையப் பத்திரத்தைக் கேட்பார்கள். செலாவணிச் சட்ட மீறலுக்குச் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது.

இந்தியக் குடியுரிமையை விடாதவர்களுக்கு நேரான வழி ஒன்று இருக்கிறது. திரும்பிவந்து நிரந்தரமாகக் குடியேறிய பிறகு வாங்குவது. அப்போது தோட்டமும் வாங்கலாம். தமிழ்நாட்டில் விவசாய நிலம் வாங்க விவசாயியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஓ.சி.ஐ. கார்டு வைத்திருப்பவருக்கு இந்த வழி அவ்வளவு சுலபமில்லை. 2021 மார்ச்சில் வந்த உள்துறை அறிவிக்கையும் அதே மூன்று தடைகளையும் அவர்களுக்குச் சொல்கிறது.

அப்படியானால் எது மிஞ்சும்? நத்தமாகவோ (ஊர்க் குடியிருப்பு நிலம்) மனையாகவோ கணக்கில் ஏறிய இடங்களில் உள்ள வீடுகள். ஏரியைச் சுற்றியும் கடைவீதிப் பக்கமும் பழைய குடியிருப்புகளிலும் தேடிப் பாருங்கள். பங்களாவின் கம்பீரம் இருக்காது. மூன்று அறை, ஒரு வராந்தா, பத்து சென்ட் இடம் என்று இருக்கும். ஆனால் உங்கள் பெயரில் நிம்மதியாக நிற்கும்.

ஆவணங்களுக்கு வருவோம். பட்டாவும் புல வரைபடமும் 'அ' பதிவேடும் அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் நத்தமா, புஞ்சையா, தரிசா, புறம்போக்கா என்று இருக்கும். அடங்கல் நகலை கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்குங்கள். பயிர்க் கட்டத்தில் "காப்பி" என்ற ஒரு சொல் இருந்தாலே உங்கள் வக்கீலிடம் காட்ட வேண்டிய தாள் அது.

அளவை நீங்களே சரிபார்க்கலாம். பழைய பத்திரத்தில் ஏக்கர், சென்ட் இருக்கும். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் இருக்கும். ஓர் ஏர்ஸ் என்பது 2.47 சென்ட். பத்திரம் "1 ஏக்கர் 20 சென்ட்" என்று சொன்னால் பட்டாவில் ஏறத்தாழ 0.48.50, அதாவது 0 ஹெக்டேர் 48.50 ஏர்ஸ், என்று வர வேண்டும். 0.41.00 என்று இருந்தால் அது 1 ஏக்கர் 1 சென்ட்தான். பத்தொன்பது சென்ட் எங்கேயோ போய்விட்டது. ரோட்டுக்குப் போயிருக்கலாம், காட்டிலாகா எல்லைக்குள் இருக்கலாம், பக்கத்துத் தோட்டக்காரர் பட்டாவில் உட்கார்ந்திருக்கலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நில அளவையருக்குப் பணம் கட்டி, விற்பவரும் பக்கத்துக்காரர்களும் இருக்கும்போதே எல்லைக் கற்களை அளந்து பாருங்கள். மலைச்சரிவில் கல்லைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகும். அது வீண் செலவில்லை.

சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை இணையத்திலேயே எடுக்கலாம்; ஆனால் பழைய வருஷங்கள் எல்லாம் அதில் இருக்காது. பழைய குடும்ப வீட்டுக்கு அது போதாது. மூலப்பத்திரம் 1940-களில் இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து அந்த வருஷத்திலிருந்து தேடச் சொல்லுங்கள். வில்லங்கத்தில் வராதவையும் உண்டு: பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, கோர்ட்டில் நிற்கும் வழக்கு. அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலமா என்றும் பாருங்கள். பஞ்சமி நிலமானால் அது பட்டியல் சாதியினருக்கென்றே ஒதுக்கப்பட்டது. வெளியாருக்குப் போகவே கூடாது. இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களுக்குக் கொடுத்த ஒப்படைப் பட்டாக்களிலும் நிபந்தனைகள் இருக்கும். மலை முழுக்க அவர்கள் வாழ்ந்த இடம். விலை மலிவாக இருக்கிறதே என்று அவர்களுடைய கடைசித் துண்டையும் வாங்குவது சட்டத்துக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது.

குடும்ப வீடு என்றால் கையெழுத்துதான் பெரிய வேலை. அப்பா பெயரில் பட்டா, ஆறு பிள்ளைகள், அதில் இருவர் வெளிநாட்டில், ஒருவர் இறந்து அவருக்கு மூன்று பிள்ளைகள். பெண்பிள்ளைகளின் கையெழுத்தை விட்டுவிட்டு எழுதிய பத்திரங்களால் வந்த வழக்குகளுக்கு அளவில்லை. தமிழ்நாட்டில் 1989-லேயே திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சமபங்கு வந்துவிட்டது; 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அது நிற்கும். இல்லையென்றால் அத்தனை பேரும் கிரையத்தில் சேர வேண்டும், அல்லது முன்னதாகவே தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். "அக்கா ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று விற்பவர் சொல்வதை அக்கா வாயாலேயே கேளுங்கள்.

விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் வசித்தால் வரிப் பிடித்தமும் உங்கள் பொறுப்பாகிறது. உள்ளூர்க்காரரிடம் 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் கிரையத்துக்கு 1 சதவீதம் பிடித்தால் போதும். வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதமும் அதன் மேல் கூடுதல் வரிகளும் பிடித்துக் கட்ட வேண்டும். பிடிக்காமல் முழுப்பணமும் கொடுத்துவிட்டால், வருமான வரித்துறை உங்களிடம்தான் கேட்கும். குறைவாகப் பிடித்தால் போதும் என்று வருமான வரித்துறை தரும் சான்றை அவர் வாங்கிவந்தால் இருவருக்கும் நல்லது.

பத்திரத்தில் செக்குபந்தியை, அதாவது நாற்புற எல்லை விவரத்தை, படிக்கும்போது வழியைத் தேடுங்கள். சேலம் பக்கத்துப் பத்திரங்களில் "மாமூல் வழிநடை வண்டித்தடப் பாத்தியம் உள்பட" என்று ஒரு வரி வரும். ஏற்காட்டில் அந்த ஒரு வரிதான் வீட்டின் பாதி விலை. பல பங்களாக்களுக்குப் போகும் பாதை இன்னொருவர் தோட்டத்துக்குள் போகிறது. பழைய முதலாளிகள் நண்பர்கள்; கேட் எப்போதும் திறந்தே இருந்திருக்கும். தோட்டம் கைமாறியதும் கேட்டில் பூட்டு விழும். எந்த சர்வே எண் வழியாக, எத்தனை அடி அகலத்தில், லாரி போகலாமா என்பது வரை எழுதியிருக்க வேண்டும். "மாமூல்" என்ற சொல்லை மட்டும் நம்பினால் சிவில் கோர்ட்டில் சாட்சி தேட வேண்டிவரும். உங்கள் நிலத்தின் வழியாக மற்றவர்கள் போகும் தடமும் இருக்கும்: ஊற்றுக்குப் போகிற வழி, சுடுகாட்டுக்குப் போகிற வழி. அதை வேலி போட்டு அடைத்துவிட்டு அந்த ஊரில் ஒரு நாளும் நிம்மதியாக இருக்க முடியாது.

லைன் வீடுகளில் ஆள் இருந்தால் விலை பேசும் முன்பே உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்தவர்களை "காலி பண்ணிக் கொடுத்துடறோம்" என்று விற்பவர் சொல்வது, பதிவு முடிந்த மறுநாள் உங்கள் பிரச்சினையாகிவிடும்.

இனி வீட்டுக்குள் போகலாம். ஒரு முறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். மே மாதம் ஒரு முறை வாருங்கள். கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா, லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று அப்போதுதான் தெரியும். ஐப்பசி மழையில் இன்னொரு முறை வந்து ஓர் இரவாவது தங்குங்கள்.

மங்களூர் ஓட்டுக் கூரைக்கு 100 சதுர அடிக்கு 140 முதல் 150 ஓடு பிடிக்கும். பழைய ஓட்டை விரல் மடக்கித் தட்டினால் நல்லது கணீரென்று ஒலிக்கும்; விரிசல் விட்டது மொட்டையாகக் கேட்கும். நூறு ஓடு உடைந்திருந்தால் நூறு புது ஓடு வாங்கிச் செருகலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு சூளையின் அச்சும் கொஞ்சம் மாறும்; பழைய ஓட்டின் பள்ளத்தில் புது ஓட்டின் வரம்பு உட்காராது, அந்த இடைவெளியில் காற்றடித்து மழை உள்ளே வரும். விவரம் தெரிந்த ஓட்டு ஆசாரி, தேறிய பழைய ஓடுகளையெல்லாம் ஒரு சரிவில் சேர்த்து, மறு சரிவு முழுக்கப் புது ஓடு போடுவார். ஒழுகல் முதலில் தொடங்குவது இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் பள்ளத்தில் போட்ட தகரத்தில். துருப்பிடித்திருக்கிறதா என்று ஏணி போட்டே பாருங்கள்.

ஓட்டைவிட மரம் முக்கியம். கூரையைத் தாங்கும் கைமரம் சுவரில் உட்காரும் முனையில்தான் ஈரமும் கரையானும் சேரும். ஒரு ஸ்க்ரூடிரைவரை அங்கே அழுத்துங்கள். அரை அங்குலம் உள்ளே போனால் அந்த மரம் போய்விட்டது. மேலே பலகைக் கூரை அடித்து பெயின்ட் பூசியிருந்தால், ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்; மறுத்தால் காரணம் மேலேதான் இருக்கிறது.

சுவர்கள் பெரும்பாலும் கருங்கல்லை மண்சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டியவை. அவை ஈரத்தை வாங்கி, வெயில் வந்தால் வெளியே விடும். விற்பதற்காகச் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருப்பார்கள். அப்போது ஈரத்துக்கு வெளியேற வழி இல்லாமல், தரையிலிருந்து மூன்று அடி உயரம் வரை உப்புப் பூத்துப் பொரியும். இதற்கு மேலே இன்னொரு பூச்சு மருந்தில்லை. சிமெண்டைக் கொத்தி எடுத்து, ஒரு வெயில் காலம் சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பு ஒரு பங்கு மணல் மூன்று பங்கு என்று பூச வேண்டும். அதோடு சுவருக்கு வெளியே வருஷக்கணக்காகச் சேர்ந்த மண்ணையும் வெட்டி, வீட்டுத் தரைமட்டத்துக்குக் கீழே வாய்க்கால் எடுங்கள். பாதி ஈரம் அதிலேயே நின்றுவிடும்.

பூச்சில் மயிரிழை வெடிப்பு சகஜம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, விரல்நுனி நுழையும் அளவுக்குத் திறந்து, பள்ளப் பக்கத்துச் சுவரில் இருந்தால், அடியில் நிரப்பிய மண் நகர்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கத்துத் தடுப்புச் சுவரைப் போய்ப் பாருங்கள். வயிறு தள்ளியிருந்தாலோ, நீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தாலோ, முதல் செலவு அங்கேதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்து நின்றதை ஊரே பார்த்தது. மருத்துவமனைக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வர வேண்டிய இடத்தில், வயதான காலத்தில் குடியேறுபவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலைப்பகுதியில் நினைத்தபடி இடித்துக் கட்ட முடியாது. மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி குழு அனுமதி வேண்டும். நீங்களே நட்ட மரமாக இருந்தாலும் கேட்டுவிட்டே வெட்டுங்கள். சரிவை வெட்டுவது, பொக்லைன் இறக்குவது, அறை சேர்ப்பது எல்லாவற்றுக்கும் சமவெளியைவிடக் கூடுதல் துறைகளின் ஒப்புதல் தேவைப்படும். பழைய வீட்டுக்கு வரைபட அனுமதியே இருக்காது. பழைய வீட்டு வரி ரசீதுகளைக் கட்டாகக் கேட்டு வாங்குங்கள், வீடு எத்தனை காலமாக நிற்கிறது என்பதற்கு அவை உதவும்.

மலை ஒத்துவராது என்று தோன்றினால் கீழே செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டைப் பக்கம் பழைய வீடுகள் உண்டு. விவசாய நிலத் தொல்லை இல்லை. அங்கே கேட்க வேண்டியவை வேறு: வீடு நிற்கும் அடிமனை கோயிலுக்குச் சொந்தமா, பக்கத்து வீட்டோடு பொதுச் சுவரா. நெசவாளர் வீடாக இருந்தால் தறிக்குழியை மண்போட்டு மூடிய இடத்தில் தரை தாழ்ந்திருக்கும்.

பணம் வங்கி வழியாகவே போக வேண்டும்: வெளிநாட்டிலிருந்து நேராக, அல்லது வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கென்று இந்திய வங்கிகளில் உள்ள என்.ஆர்.இ., எஃப்.சி.என்.ஆர்., என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து. வெளிநாட்டு நோட்டாகவோ டிராவலர்ஸ் செக்காகவோ கொடுக்கக் கூடாது. விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். பத்திரத்தில் இல்லாத தொகையை நாளைக்கு நீங்கள் வெளியே கொண்டுபோகவும் முடியாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 80 லட்சத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் கணக்கு.

நேரில் வர முடியாவிட்டால் அந்தக் குறிப்பிட்ட சொத்துக்கு மட்டும் அதிகாரம் கொடுங்கள், விற்கும் அதிகாரம் சேர்க்காதீர்கள். இந்தியத் தூதரகத்திலோ அங்குள்ள நோட்டரி முன்போ கையெழுத்திட்ட பவர் பத்திரம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி முறைப்படுத்த வேண்டும். கொரியர் கவரை வந்த தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள்.

பதிவு முடிந்த வாரமே பட்டா மாறுதல், வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றுக்கும் மனுப் போடுங்கள். பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் சம்பளமும் தங்கும் ஏற்பாடும் எழுத்தில் இருக்கட்டும். அவருக்கும் அது பாதுகாப்பு. வாரம் இரு முறை கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்து, மாதம் ஒரு நாள் அடுப்பு மூட்டச் சொல்லுங்கள். ஏற்காட்டு மூடுபனியில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் மரம் இரண்டே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.